வளவு வீட்டில் பவளத் துண்டு வளர்க்க ஒரு சின்னத் தொட்டி

கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி கிடைத்ததும் பூர்வீக வீட்டுக்கு வந்துவிட்டாராம். அவரும் அப்பத்தாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். நன்னீர் மீன் தொட்டி வைத்த பழக்கம் உண்டு. இப்போது இரண்டடித் தொட்டி ஒன்றில் உயிருள்ள பவளத் துண்டுகளை வளர்த்து, வெட்டிப் பெருக்க ஆசை. ராமேசுவரம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கிருந்து நாலு துண்டு எடுத்து வரலாமா? தொண்டியில் கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமா? வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பிடிக்கிற மழைத் தண்ணீரை ஊற்றலாமா? எத்தனை நாளில் துண்டு வெட்டலாம்? இவைதான் கேள்விகள்.

தம்பி, நான் காரைக்குடியில் 14 வருடமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். உங்கள் முதல் மூன்று கேள்விக்கும் 'வேண்டாம்', நாலாவதுக்கு 'பொறுங்கள்' என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நமக்குக் கவலையே வேறு: சித்திரை வெயில், போர்வெல் தண்ணீர், வீடு முழுக்கச் செம்பும் பித்தளையும்.

முதலில் துண்டு விஷயம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அது போக, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், பாறை கட்டும் கல் பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமும் 2001-ல் சேர்ந்தவை. உயிரோடு இருந்தாலும், செத்துக் கரையில் ஒதுங்கினாலும் சட்டம் ஒன்றுதான். மாட்டினால் குறைந்தது 3 வருடச் சிறை. 'கடையில் விற்கிறார்களே அண்ணே' என்று சிலர் கேட்பார்கள். விற்கிறார்கள் என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. ஆக்ரோபோரா, மான்டிபோரா என்று கல் பவள வகைகளின் பெயர் சொல்லி யார் நீட்டினாலும் கை நீட்டாதீர்கள்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அந்தத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளக் கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கு எரித்தார்கள். அரண் போய்விட்டதால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, மிச்சமிருந்த பவளங்களும் வெளுத்துப்போயின. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இருபது வருடத்துக்கும் மேலாகக் கடலுக்கடியில் சிமெண்ட் அடுக்கு வைத்து, அதில் பவளத் துண்டுகளைக் கட்டி நட்டு வளர்த்துவருகிறார்கள். நீங்கள் வீட்டில் செய்ய நினைக்கும் அதே வேலைதான், முறையான அனுமதியோடு. அவர்கள் நட்டு வளர்ப்பதை நாம் பிடுங்கி வரக் கூடாது.

அப்படியென்றால் எதை வளர்ப்பது? மென்பவளங்களையும் அவற்றின் தாயாதிகளையும் வளர்க்கலாம். ஸோவாந்திட், மஷ்ரூம், லெதர், ஜீனியா, கிரீன் ஸ்டார் பாலிப் என்ற இந்த ஐந்தும் போதும். இவை கல் எலும்பு கட்டாதவை. முதல் அட்டவணையில் இல்லை. ஏற்கெனவே தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளை வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து வாங்குங்கள். சின்ன ரசீதோ, கைப்பட எழுதிய சீட்டோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக்காரருக்கு இவைதான் ஏற்றவையும்கூட. கல் பவளம் கால்சியமும் காரத்தன்மையும் தினமும் தின்னும். இவை அப்படிக் கேட்பதில்லை.

உங்கள் அப்பத்தா 'என் கழுத்தில் கிடக்கிறதே, அந்தப் பவளமா?' என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இல்லை. நகைப் பவளம் மத்தியதரைக் கடலின் ஆழத்தில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வளரும் செந்நிறப் பவளம். நம் கடலில் அது கிடையாது. பெயர்தான் ஒன்று. அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மாலை கோக்க எப்போது ஆகும் என்று தினமும் கேட்பார்.

இனித் தொட்டி. துண்டு வளர்க்கும் தொட்டி உயரமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம் போதும். உயரம் குறைந்தால் விளக்கு வெளிச்சம் அடிவரைக்கும் போகும், கை எட்டும், மேல்பரப்பு அகலமாக இருப்பதால் காற்றும் நன்றாகக் கலக்கும். மேலே இரண்டு விரல் விட்டுத் தண்ணீர் நிரப்பினால் சுமார் 70 லிட்டர் பிடிக்கும். கண்ணாடிக் கடையில் 8 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்யச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ஒட்டும் சிலிகான், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்க வேண்டும். குளியலறைக்கு என்று விற்பதில் அந்த மருந்து இருக்கும். பவளத்துக்கு அது விஷம். ஒட்டியபின் ஒரு வாரம் காய வேண்டும். புளிப்பு வாடை நின்றபிறகு தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் நம் வீடுகள் கைகொடுக்கும். கனத்த சுவர், உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சாந்து. பகல் ஒரு மணிக்கும் பட்டாலைக் கூடத்துக்குள் நுழைந்தால் குளிர்ச்சி தட்டும். தொட்டி அங்கே, உள்சுவரை ஒட்டி இருக்கட்டும். வளவு முற்றத்தின் ஓரத்தில் வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் அங்கே நேர்வெயில் ஒரு மணி நேரம் விழுந்தாலும் தண்ணீர் சூடேறும், பாசி பிடிக்கும். எங்கே வைத்தாலும் நான்கு பக்கமும் விளிம்பு உள்ள பெரிய தட்டு ஒன்றின் மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு கிடையாது; கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. உப்புநீர் சொட்டிச் சொட்டி அதற்குள் இறங்கினால் வெள்ளையாக உப்புப் பூக்கும், பூ வேலைப்பாடு மங்கிப்போகும். தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டாண்டுமாக 120 கிலோவை நெருங்கும். ஸ்டாண்டின் நாலு காலும் நாலு கல்லில் அழுந்தாமல், கீழே ஒரு முழுப் பிளைவுட் பலகை போட்டுவிடுங்கள். தாத்தா காலத்துத் தளத்தைக் கெடுத்தோம் என்ற பேச்சு நமக்கு வேண்டாம். இரும்பு ஸ்டாண்ட் என்றால் பெயிண்ட் கெட்டியாக அடித்திருக்க வேண்டும். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று பார்ப்பதற்கென்றே நம்மூர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் தனியாக ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

தொண்டிக் கடல் நமக்குக் கிட்டத்தான். ஆனால் அது பாக் நீரிணை. ஆழம் குறைந்த, சேறு கலங்கும் கடல். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கிவிடும், கோடையில் ஏறும். படகு டீசல், கரைக் கழிவு என்று மிச்சமும் உண்டு. ஒவ்வொரு கேனும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதனால் பவளத் தொட்டிக்கென்றே விற்கும் சால்ட் மிக்ஸ் வாங்கிக் கலக்குவதே நல்லது. சமையல் உப்போ, உப்பளத்துக் கல்லுப்போ உதவாது. கடல் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அதில் தேவையான அளவு இல்லை. லிட்டருக்குச் சுமார் 38 கிராம் என்று கணக்கு வைத்தால் 70 லிட்டருக்கு 2.6 கிலோவுக்குப் பக்கம் வரும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் அவசியம், கையடக்கக் கருவிதான். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, அடர்த்திக் கணக்கில் 1.026. வெறும் தண்ணீரில் பூச்சியத்தைச் சரிபார்த்தால் மட்டும் போதாது. 35 என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டும் பாருங்கள்.

உப்பைக் கரைக்கும் நன்னீர்தான் பலருடைய தொட்டியைக் கவிழ்க்கிறது. சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி காரைக்குடிக்காரர்கள் நாங்கள் பெருமை அடிப்போம். குடிக்க அமிர்தம்தான், தொட்டிக்கு அதுவும் ஆகாது. போர்வெல் தண்ணீரில் நைட்ரேட், சிலிக்கேட் எல்லாம் கரைந்து வரும். அதை ஊற்றினால் பவளம் வளர்வதற்கு முன் பாசி வளரும். தேவை ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர், அதாவது ஆர்.ஓ. மெம்பிரேனிலும் டி.ஐ. ரெசினிலும் புகுந்து வந்த தண்ணீர்; கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் இருந்தால் அதன் பின்னால் டி.ஐ. ரெசின் நிரப்பிய சிலிண்டர் ஒன்றைச் சேர்த்தால் போதும். ஆனால் இப்போது வரும் மெஷின்களில் 'காப்பர் சத்து சேர்க்கும்' கேட்ரிட்ஜ் ஒன்று வருகிறது. அந்தத் தண்ணீர் உங்களுக்கும் அப்பத்தாவுக்கும் எப்படியோ, முதுகெலும்பில்லாத உயிர் எதற்கும் ஆகாது. மெம்பிரேனிலிருந்து நேராக ஒரு குழாய் எடுத்துவிடுங்கள்.

செம்பு எவ்வளவு கெடுதல் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மூன்றாவது வருடம் நான் நாலு நாள் வெளியூர் போயிருந்தேன். ஆத்தாவிடம் 'கோடு போட்டிருக்கிற இடம்வரைக்கும் தினமும் நல்ல தண்ணி ஊத்துங்க' என்று சொல்லிவிட்டுப் போனேன். ஆத்தாவும் பாசமாகத்தான் ஊற்றியிருக்கிறார், ராத்திரி முழுக்கச் செப்புக் குடத்தில் ஊறிய தண்ணீரை. 'செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதாச்சே, அதுகளும் உசுருதானே' என்றார். திரும்பி வந்தபோது நத்தைகள் எல்லாம் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. ஜீனியா சுருங்கிக் கூழாகிவிட்டது. மஷ்ரூம் மட்டும் எப்படியோ தப்பித்தது. செம்பு சிலிகானிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்லக் கசியும் என்பதால் அந்தத் தொட்டியையே ஒதுக்க வேண்டியதாயிற்று. இப்போது அதில் அல்லிக்கொடி வளர்க்கிறேன்.

வளவு மழைத் தண்ணீருக்கும் இதனால்தான் 'வேண்டாம்' என்றேன். ஓட்டில் விழுந்து, தகரத் தாழ்வாரத்தில் ஓடி, பித்தளை வாய் வழியாக அண்டாவில் இறங்கும் தண்ணீர் அது. புறா எச்சம் வேறு. தொட்டி வேலைக்கென்று இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு மக் தனியாக வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். சோப்புக் கையும் அதில் படக்கூடாது.

தொட்டிக்கு மணல் வேண்டாம். அடி வெறுமையாக இருந்தால் கசடு தெரியும், குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். ஃபால்ஸ் சீலிங் கடைகளில் விளக்குக்கு அடியில் போடும் வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டம் கிடைக்கும்; எக் கிரேட் என்பார்கள். அதை அறுத்துப் பி.வி.சி. குழாய்க் கால் வைத்தால் துண்டுகளுக்கு அடுக்கு தயார். கழிவைச் சிதைக்கும் நல்ல கிருமி குடியேற, பக்கவாட்டில் தொங்கும் ஃபில்டர் ஒன்றில் பீங்கான் வளையங்களை நிரப்புங்கள். தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன வேவ்மேக்கர். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் இருபது மடங்கு தள்ளினால் சரி. துண்டுகளின் மேல் நேராகப் பீய்ச்சாமல் கண்ணாடியில் மோதித் திரும்பட்டும். கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுக்குத் தேவையில்லை, வாரம் 7 லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். விளக்கு, பவளத்துக்கென்று வரும் நீலம் மிகுந்த எல்.இ.டி. முதல் வாரம் முப்பது சதவீதத்தில் தொடங்கி, மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றி, தினம் 9 மணி நேரம். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. திடீரென்று வெளிச்சம் கூடினால் பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். மஷ்ரூமுக்கு அடியிலும் ஓரத்திலும் இடம், ஸோவாவுக்கு நடுவில்.

வெப்பம் 25-லிருந்து 27 வரை நிற்க வேண்டும். அதனால் நான் சொல்லும் முதல் வேலை ஒன்றும் வாங்காமல் செய்வது: தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீரும் ஒரு தெர்மாமீட்டரும் வைத்து, ஒரு மாதம் காலையும் மாலையும் குறித்துவையுங்கள். கணக்கெழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தொட்டியில் மோட்டாரும் விளக்கும் சேர்ந்து இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூட்டும். கூட்டிப் பார்த்து 29-க்குள் அடங்கினால் விசிறி போதும். கம்ப்யூட்டர் விசிறி இரண்டைத் தண்ணீர்ப் பரப்பில் ஊதுமாறு வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். கடற்கரை ஊரைவிட நம் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, அதனால் இது நன்றாகவே வேலை செய்யும். வாளியே 31, 32 காட்டினால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டிவரும். அதற்கு மனசில்லாவிட்டால் ஆசையை விட்டுவிடுவது நல்லது. கடலிலேயே 30 டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கிறது. 70 லிட்டர் எம்மாத்திரம்?

விசிறி வைத்தால் ஆவியாதல் கூடும். தினம் ஒன்றரை லிட்டர் போகும் என்று வையுங்கள். போவது நன்னீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். ஒரு நாள் விட்டால் 35 என்பது 35.8 ஆகும். ஒரு வாரம் விட்டால் 41. ஆகவே கண்ணாடியில் கோடு போட்டு, தினமும் ஆர்.ஓ.டி.ஐ. நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றிவிட்டு 'ஏன் உப்பு ஏறுகிறது' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஊரில் அடிக்கடி கல்யாணம், காது குத்து என்று போவீர்கள் என்றால், மிதவை வைத்துத் தானே நிரப்பும் கருவி ஒன்று போட்டுவிடுங்கள். என் ஆத்தா கதையும் நினைவிருக்கட்டும்.

மின்சாரம் அதிகம் தின்னாது. விளக்கு, வேவ்மேக்கர், ஃபில்டர், விசிறி எல்லாம் சேர்ந்து நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குள். இரண்டு மாத பில்லில் 45 யூனிட். சில்லர் ஓடினால் அது மூன்று மடங்குவரை போகும். பிரச்சினை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைதான், காலை 9-லிருந்து மாலைவரை. விளக்கு இல்லாவிட்டால் பவளம் ஒரு நாள் தாங்கும். தண்ணீர் ஓடாவிட்டால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் சேர்த்துவிடுங்கள், சில வாட்தான் இழுக்கும்.

உப்புநீர் நிரப்பியதும் பவளம் வாங்க ஓடாதீர்கள். கழிவு அம்மோனியாவாகும், ஒரு வகைக் கிருமி அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்தக் கிருமிகள் பீங்கான் வளையத்தில் குடியேற 4-லிருந்து 6 வாரம் ஆகும். பாட்டிலில் விற்கும் கிருமிக் கரைசல் விட்டு, ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-வுக்கு வந்து நைட்ரேட் தெரிந்தால் கிருமி குடியேறிவிட்டது. பிறகு நாலைந்து நத்தை. அதற்கும் பிறகு முதல் பவளம். நைட்ரேட் 5-லிருந்து 15 வரை இருக்கட்டும், பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 வரை. இரண்டையும் சுத்தமாகத் துடைத்துப் பூச்சியமாக்கும் ஆர்வம் ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தால் பழுப்பு நிறக் கோழை ஒன்று எல்லாவற்றையும் மூடும், பவளமும் பட்டினி கிடக்கும். காரத்தன்மை, டெஸ்ட் கிட்டின் டி.கே.எச். அலகில், 8, 9. கால்சியம் 400-க்கு மேல். வாராந்திரத் தண்ணீர் மாற்றமே இவற்றைப் பார்த்துக்கொள்ளும். சுண்ணாம்புத் தெளிநீர் விடலாம் என்று படித்திருப்பீர்கள். கல் பவளத் தொட்டிகளில் விடுவது உண்மைதான், ஆனால் உங்கள் தொட்டிக்குத் தேவையில்லை. அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை எக்காரணம் கொண்டும் கரைத்து விடாதீர்கள். ஒரு மூடி கூடினால் காரம் எகிறிவிடும்.

ஒரு மீனாவது வேண்டும் என்று தோன்றும். சின்னக் கோமாளி மீன் ஒன்று போதும், தொட்டியில் குஞ்சு பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அந்த வேலையை வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கிறது. கடலில் பிடித்ததை வாங்க வேண்டியதில்லை. கடல் குதிரை, கடல் அட்டை இரண்டும் முதல் அட்டவணை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வெட்டும் வேலைக்கு வருவோம். வாங்கிய பவளம் நன்றாக விரிந்து, புது முளை இரண்டு மூன்று விட்டபிறகே கத்தி. அதற்கு வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம். மஷ்ரூம் சுலபம்: காம்பை விட்டுத் தட்டை அறுத்தெடுத்து, நடு வாய் வழியாக அதிரசத்தைப் பிய்ப்பதுபோல் நாலாக வெட்டுங்கள். நாலும் நாலு மஷ்ரூமாகும். ஆனால் வழவழப்பில் பசை ஒட்டாது. ஒரு சின்னக் கிண்ணத்தில் பீங்கான் சில்லுகளைப் போட்டு, அதன் மேல் துண்டுகளை வைத்து, கொசுவலைத் துணியால் வாயைக் கட்டி, அலை குறைந்த மூலையில் வைத்தால் இரண்டு வாரத்தில் தானாகச் சில்லைப் பிடித்துக்கொள்ளும். லெதர் வெட்டினால் கோழை கக்கும். அன்று கார்பன் பை ஒன்றை ஃபில்டரில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் மாற்றுங்கள். துண்டைப் பிளக்கோடு, அதாவது துண்டு உட்காரும் சின்ன அடிக்கட்டையோடு, ரப்பர் பேண்டில் தளர்வாகக் கட்டினால் பிடித்துக்கொள்ளும். ஸ்டார் பாலிப்பைப் பாயைப்போல் உரித்து, அடிப்பக்கம் துடைத்து, பசையில் ஒட்ட வேண்டியதுதான். அதையும் ஜீனியாவையும் தனி அடுக்கில் வையுங்கள், இரண்டும் கருவேலமாதிரி பரவும். பசை ஃபெவிக்விக் வகைதான், ஜெல்லாகக் கிடைப்பதாக வாங்குங்கள். வேட்டியில் சொட்டினால் உடனே உதறுங்கள். பருத்தித் துணியில் பட்டால் அந்தப் பசை தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடேறும்.

ஸோவாவைத் தனியாகச் சொல்கிறேன். இதைப் படித்தபின் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஸோவாந்திட் குடும்பத்தில், முக்கியமாகப் பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். இயற்கையில் உள்ள கொடிய நஞ்சுகளில் ஒன்று. மாற்று மருந்து கிடையாது. பார்த்து எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்ல முடியாது. நைட்ரைல் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் ஸோவாவில் கத்தி வைக்காதீர்கள். கையில் காயம் இருந்தால் அன்று வேண்டாம். தட்டில் தொட்டித் தண்ணீர் ஊற்றி, அதற்குள் வைத்தே, பாலிப்பை, அதாவது பூப்போல் விரியும் ஒவ்வொரு குட்டி உயிரையும், குத்தாமல் இடையிலுள்ள பாயை மட்டும் வெட்டுங்கள். கிழிந்தால் பீறிட்டுக் கண்ணில் அடிக்கும். வேண்டாத ஸோவா ஒட்டிய கல்லைச் சுடுதண்ணீரில் போடுவதோ, அடுப்பில் கொதிக்கவைப்பதோ, காயவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ கூடவே கூடாது. கொதித்தாலும் அந்த நஞ்சு சாகாது, ஆவியோடு மூச்சுக்குள் போகும். வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போனது இப்படித்தான். வேலை முடிந்ததும் கத்தி, தட்டு எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்த ப்ளீச் திரவத்தில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதோடு வினிகரோ ஆசிடோ சேர்க்காதீர்கள். அடுப்படிப் பாத்திரம், அருவாமனை எதையும் இதற்கு எடுக்க வேண்டாம். வாயில் உலோகச் சுவை, மூச்சு முட்டல், தசைவலி, காய்ச்சல் தெரிந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், பெயரைச் சொல்லுங்கள். டாக்டருக்கே புதிதாக இருக்கலாம், ஒரு சீட்டில் எழுதித் தொட்டி மேல் ஒட்டி வையுங்கள்.

வெளியிலிருந்து வரும் எந்தத் துண்டையும் நேராகத் தொட்டியில் போடாதீர்கள். அயோடின் கலந்த டிப் கரைசலில் பெட்டியில் சொன்ன நேரம் முக்கி அலசுங்கள். ஸோவாவைத் தின்னும் ஓடில்லா நத்தை அதில் செத்து விழும், முட்டை விழாது. பிளக்கின் அடியைச் சுரண்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி முக்குங்கள். கண்ணாடி அனிமோன் என்ற பழுப்புக் குட்டி பிளக்கில் ஒட்டியிருந்தால் அந்தப் பிளக்கையே தூக்கி எறிந்துவிட்டுப் பவளத்தை வேறொன்றில் ஒட்டுங்கள்.

வீட்டு வழக்கங்கள் சிலவும் தொட்டிக்கு ஆகாது. சாம்பிராணி, கொசுவர்த்தி, எறும்பு மருந்து ஸ்ப்ரே எல்லாம் தண்ணீர்ப் பரப்பில் படியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஈரத் துணி போட்டு மூடுங்கள். வீட்டைத் திறந்து ஊரே கூடும் விசேஷ நாளில், குழந்தைகள் கைவிடாமல் ஒரு ஆளை அங்கே உட்காரவைத்துவிடுங்கள்.

எப்போது தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதுவும் முக்கியம். புதுத் தொட்டியைச் சித்திரையில் தொடங்கினால் வெப்பத்தோடு மல்லுக்கட்டுவதே வேலையாகிவிடும். வாளிக் கணக்கைப் புரட்டாசியில் எழுதி முடியுங்கள். ஐப்பசியில் தண்ணீர் நிரப்பினால் கார்த்திகைக் கடைசியில் முதல் மஷ்ரூம் போடலாம், மாசியில் வெட்டலாம், பங்குனி வெயில் வருவதற்குள் தொட்டி நிலைத்துவிடும். ஒரு விஷயம்: புரட்டாசி வாளிக் கணக்கு சித்திரையைக் காட்டாது, அதனால் அதில் வந்த எண்ணோடு மூன்று டிகிரி கூட்டியே சில்லர் முடிவை எடுங்கள். முதல் வெட்டில் வந்த துண்டுகளில் ஒன்றிரண்டைப் பக்கத்து ஊரில் தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்து வையுங்கள். என் ஜீனியா கூழானபோது, ஆறு மாதம் முன்பு தேவகோட்டையில் ஒரு நண்பருக்குக் கொடுத்திருந்ததிலிருந்துதான் திரும்ப வாங்கி வந்தேன்.

என்னிடம் மஷ்ரூம் நிறைய இருக்கிறது, காரைக்குடி வரும்போது இரண்டு பிளக் தருகிறேன். அதற்கு முன் ஒரு தடவை வாருங்கள். உங்கள் போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டில், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு பாட்டில், இரண்டையும் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தால் டிடிஎஸ்ஸும் நைட்ரேட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.